அரை மில்லிமீட்டர் குறைவு: ஒரு 1977 ஸ்டார் வார்ஸ் கார்டின் நிகழ்வு ஆய்வு

போன ஆண்டு அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, நான்கு வீடு தள்ளியிருக்கும் நண்பர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். நீல விளிம்பு, அதில் உப்பைத் தூவியது மாதிரி விண்மீன்கள், நடுவில் ஸ்டார் வார்ஸ் கதாநாயகன் லூக் ஸ்கைவாக்கர். கீழே ஒரு வரி: "அண்ணே, இது ஏதும் தேறுமா?"

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். இங்கே வீட்டுப் பெரியவர் இறந்துபோனாலோ, முதியோர் இல்லத்துக்குப் போனாலோ, வீட்டில் இருக்கும் சாமான்களை இரண்டு நாள் கதவைத் திறந்து வைத்து விற்றுவிடுவார்கள். எஸ்டேட் சேல் என்று பெயர். நண்பர் அங்கே ஏணி வாங்கப் போயிருக்கிறார். ஏணி விற்றுப்போய்விட்டது. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், அலமாரி அடித்தட்டில் இருந்த ஒரு ஷூ பெட்டியை 40 டாலருக்கு வாங்கி வந்துவிட்டார். உள்ளே கட்டுக்கட்டாகப் பழைய சூயிங்கம் கார்டுகள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உடனே பதில் போட்டேன்: "முனையெல்லாம் நல்லா இருக்கு. சென்டரிங் அருமை. 8 வரும். அதிர்ஷ்டம் இருந்தா 9." பழைய கார்டின் நிலையைப் பார்த்து 10க்கு இத்தனை என்று கிரேடு போடும் நிறுவனங்கள் உண்டு, நான் சொன்னது அந்தக் கணக்கு. சென்டரிங் என்பது படம் கார்டின் நட்டநடுவில் அமைவது.

இந்த ஆய்வில் நடந்த முதல் தவறு இதுதான், அதைச் செய்தவன் நான். அன்று மாலைக்குள் நண்பர் மதுரையில் இருக்கும் மச்சானிடம் சொல்லிவிட்டார். மச்சான் 9ஐ விட்டுவிட்டு 10க்கு என்ன விலை என்று இணையத்தில் தேடிவிட்டார். ஞாயிறு காலை நான் பூதக்கண்ணாடியோடு அவர் வீட்டுக்குப் போனபோது, அந்தக் கார்டு ஏற்கெனவே ஒரு புதுக் காரின் முன்பணமாக மாறியிருந்தது.

கார்டின் பூர்வீகம்

ஸ்டார் வார்ஸ் படம் அமெரிக்காவில் வெளியானது 1977 மே 25. டாப்ஸ் அப்போது நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த சூயிங்கம் நிறுவனம். பென்சில்வேனியாவில் துரியே என்ற ஊரில் அதற்கு ஆலை இருந்தது. பேஸ்பால் வீரர்கள் படம் போட்ட கார்டுகளைச் சூயிங்கத்தோடு சேர்த்து விற்றுப் பெயர் வாங்கிய நிறுவனம், இந்தப் படத்துக்கும் கார்டு போட்டது. மெழுகுத் தாள் பாக்கெட் ஒன்று 15 சென்ட். உள்ளே 7 கார்டு, 1 ஸ்டிக்கர், பலகை மாதிரி விறைத்த ஒரு சூயிங்கம். ஒரு பெட்டிக்கு 36 பாக்கெட்.

முதல் வரிசைக்கு நீல விளிம்பு, 1 முதல் 66 வரை. படம் ஓட ஓடச் சிவப்பு, மஞ்சள், பச்சை, ஆரஞ்சு என்று அடுத்தடுத்த வரிசைகள் வந்தன. மொத்தம் 330 கார்டு, 55 ஸ்டிக்கர். ஏன் 66, ஏன் 70 இல்லை என்று கேட்டால் அச்சகக் கணக்குதான் காரணம். டாப்ஸ் அச்சடித்த பெரிய தாளில் 132 கார்டுகள் அடங்கும், அதில் சரிபாதி 66. தாளாக அச்சடித்து, இயந்திரக் கத்தியில் வெட்டி, கலந்து பாக்கெட்டில் போடுவார்கள். இந்தக் கத்தியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கார்டு எவ்வளவு பெரிய விஷயம் என்பது இப்போது புரிவது கடினம். படத்தை வீட்டில் பார்க்க வழியில்லை, வீடியோ கேசட் வெளிவந்ததே 1982இல்தான். பொம்மைகளை கென்னர் நிறுவனத்தால் அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்குத் தயாரித்து முடிக்க முடியவில்லை. பொம்மைக்குப் பதிலாக, 'பிறகு அனுப்பி வைக்கிறோம்' என்ற சான்றிதழ் அடங்கிய அட்டை உறையை விற்றார்கள். ஆக, பையில் போட்டுக்கொண்டு திரியக் கிடைத்த ஸ்டார் வார்ஸ் இந்தக் கார்டுகள்தான். நம் ஊரில் தியேட்டர் வாசலில் வெட்டிப்போட்ட ஃபிலிம் துண்டுகளைப் பொறுக்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

பிள்ளைகள் கையில் புழங்கிய பொருள் என்பதால் சேதமில்லாமல் மிஞ்சியவை குறைவு. அதிலும் 1ஆம் எண்ணான லூக்கின் விதி தனி. வரிசைப்படி அடுக்கி ரப்பர் பேண்ட் போடும் பிள்ளையின் கட்டில் எப்போதும் மேலே இருப்பது அதுதான். ரப்பர் பேண்ட் அறுப்பதும், வெயில் படுவதும், கோக் சிந்துவதும் அதன் மேல்தான். கதாநாயகனின் முதல் கார்டு என்ற மவுசு ஒரு பக்கம், நல்ல நிலையில் கிடைக்காது என்ற தட்டுப்பாடு மறு பக்கம். மற்ற நீலக் கார்டுகள் சில்லறைக் காசுக்குப் போகும்போது இதற்கு மட்டும் ஆட்கள் போட்டி போடுவது இந்த இரண்டும் சேர்ந்ததால்.

மச்சானின் புதையல்

சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, கையைக் கழுவிக் காயவைத்துவிட்டு உட்கார்ந்தோம். கையுறை போடும் பழக்கம் எனக்கு இல்லை. கையுறையில் விரலுக்குத் தொடு உணர்வு போய்விடும், முனை மடங்குவது அப்போதுதான்.

நீலத்தில் 61, சிவப்பில் 40க்குப் பக்கம், பச்சையில் 23, கொஞ்சம் ஸ்டிக்கர். நீலக் கட்டின் ரப்பர் பேண்ட் பழைய பிரியாணிப் பொட்டல நூல் மாதிரி காய்ந்து கார்டில் ஒட்டியிருந்தது. லூக் மட்டும் அந்தக் கட்டில் இல்லை. நாலு மூலையிலும் திருகு வைத்த கனத்த பிளாஸ்டிக் சட்டத்துக்குள் தனியாக இருந்தது. நண்பர் அனுப்பிய படம் அந்தப் பிளாஸ்டிக்குக்கு மேலிருந்து எடுத்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதைத் திறப்பதற்குள் மதுரையிலிருந்து வீடியோ அழைப்பு. "207 இருக்கா பாருங்கண்ணே, அதுதான் பெரிய காசாம்." மச்சான் இரவெல்லாம் படித்திருக்கிறார்.

பச்சை வரிசையின் 207ஆம் கார்டு சி-3பிஓ என்ற தங்க நிற ரோபோவின் படம். அச்சான படத்தில் அந்த ரோபோவின் இடுப்புக்குக் கீழே, சொல்லக் கூச்சப்படும் இடத்தில், இருக்கக் கூடாத ஒன்று இருப்பது போலத் தெரியும். பிறகு டாப்ஸ் அதைத் தூரிகையால் மறைத்து மறுபடி அச்சடித்தது. யாரோ ஓவியர் குறும்பு பண்ணிவிட்டார் என்று பல ஆண்டுகள் பேச்சு ஓடியது. படம் எடுத்த நொடியில் உடையின் ஒரு பாகம் கழன்று அப்படி அமைந்துவிட்டது என்பது படத் தரப்பு பிற்பாடு தந்த விளக்கம்.

எங்கள் பெட்டியில் 207 இருந்தது, அதுவும் மறைக்காத பதிப்பு. மதுரையில் ஒரே ஆரவாரம். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டுமே: கதை பெரிது, சரக்கு தாராளம். திருத்திய பதிப்பு, திருத்தாத பதிப்பு இரண்டுமே எந்த வாரம் தேடினாலும் விற்பனைக்குக் கிடைக்கும். பக்கத்து எண் கார்டைவிடக் கூடுதல் விலை போவது உண்மை, ஆனால் அந்தக் கூடுதல் அரிது என்பதற்காக அல்ல, சிரித்துக்கொண்டே வாங்க ஆள் இருப்பதற்காக. எங்களுடையதில் கீழ் முனை ஒன்று மடங்கி வேறு இருந்தது. ஸ்லீவில் போட்டு ஓரமாக வைத்தோம்.

அசலா என்ற கேள்வி

இதில் அதிக நேரம் போகவில்லை. டாப்ஸே தன் பழைய படங்களைப் பிற்காலத்தில் மறுபடி வெளியிட்டிருக்கிறது, 1999இல் குரோம் பளபளப்போடு ஒரு தொகுப்பு வந்தது. அதைக் குருடர்கூடத் தடவிப் பார்த்து வேறுபடுத்திவிடுவார். கவலைப்பட வேண்டியது வீட்டுப் பிரின்டர் சரக்குக்குத்தான். 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் அந்தக் காலத்து ஆஃப்செட் அச்சு ஒழுங்கான வண்ணப் புள்ளிகளாக, பூ இதழ் அடுக்கு மாதிரி தெரியும். எழுத்துகள் புள்ளி இல்லாமல் ஒரே கறுப்பாக, ஓரம் கூர்மையாக இருக்கும். ஸ்கேன் செய்து அச்சடித்ததில் எழுத்தும் புள்ளியாகச் சிதறும்.

புற ஊதா விளக்கிலும் காட்டினேன். புதுத் தாளாக இருந்தால் வெள்ளை வேட்டி மாதிரி நீலமாக ஒளிரும். ஆனால் ஒளிர்கிறதா இல்லையா என்று மொட்டையாகப் பார்ப்பதில் பலனில்லை, கூடப் பிறந்தவற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதே கட்டிலிருந்து யாரும் கள்ள அச்சு அடிக்க மெனக்கெடாத ஐந்து கார்டுகளை எடுத்து லூக்கின் இரு பக்கமும் அடுக்கி விளக்கைப் போட்டேன். ஆறும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தன. அட்டையின் பின்புறச் சாம்பல் பழுப்பும் ஒன்றே. அசல். நண்பர் காபி போட எழுந்தார்.

எல்லாமே நன்றாக இருந்ததுதான் சிக்கல்

கிரேடிங் நிறுவனம் பார்ப்பது நாலு விஷயம்: முனை, விளிம்பு, மேற்பரப்பு, சென்டரிங். திருகுகளைக் கழற்றி லூக்கை வெளியே எடுத்தேன். கழற்றும் முன் சட்டத்தை லேசாக ஆட்டியபோது கார்டு பக்கவாட்டில் துளி அசைந்தது. மேலும் கீழும் அசையவில்லை. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேற்பரப்பு சுத்தம். பாக்கெட்டை ஒட்டும்போது உருகிய மெழுகு சில கார்டுகளில் படியும், இதில் இல்லை. சூயிங்கம் கறையும் இல்லை. அடுத்து சென்டரிங். படச் சட்டத்துக்கும் கார்டு ஓரத்துக்கும் நடுவே உள்ள நீலப் பட்டையை இரண்டு பக்கமும் அளந்து விகிதம் பார்க்க வேண்டும். பி.எஸ்.ஏ. என்ற கிரேடிங் நிறுவனத்தின் கணக்கில் 10 வேண்டுமென்றால் முன்பக்கம் 55-45ஐ ஒட்டி இருக்க வேண்டும், 8க்கு 65-35 வரை விடுவார்கள். லூக்கின் இடப்பக்கம் 2.9 மில்லிமீட்டர். வலப்பக்கம் 2.9 மில்லிமீட்டர்.

50-50. தராசில் நிறுத்த மாதிரி. நண்பர் மேசையைத் தட்டினார்.

எனக்கு வயிற்றில் ஏதோ நெருடியது. அந்தக் காலத்து டாப்ஸ் கார்டில் சென்டரிங் என்பது கத்தி விழுந்த இடம், அவ்வளவுதான். சரிபாதி விழவே விழாது என்றில்லை, விழும். ஆனால் மறுபடி முனைகளைப் பார்த்தேன். இடப்பக்க முனை இரண்டும் நல்ல முனைகள், ஆனாலும் லென்ஸில் நுனி சற்று மழுங்கி, நார் பிரிந்து, 48 ஆண்டு வயதைக் காட்டின. வலப்பக்க முனை இரண்டும் பிளேடு. விரல் வைத்தால் குத்தும் போல இருந்தன. ஒரே கார்டில் இடக்கைப் பக்கம் கிழவர், வலக்கைப் பக்கம் வாலிபர்.

அரை மில்லிமீட்டர்

அதன்பின் அளவெடுத்தோம். டாப்ஸ் கார்டின் அளவு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம், அதாவது 63.5க்கு 88.9 மில்லிமீட்டர். துல்லியமாக அளக்க உதவும் காலிப்பர் உலோகமாக இருந்தால் விளிம்பை நசுக்கும் என்பதால் பிளாஸ்டிக்கில் ஒன்று வைத்திருக்கிறேன். லூக்கின் உயரம் 88.9. அகலம் 62.9.

இதை வைத்து மட்டும் வெட்டிய கார்டு என்று சொல்லிவிடக் கூடாது. ஆலையின் கத்தியே அங்குமிங்கும் போகும், பிறக்கும்போதே குறைந்த அளவில் பிறந்த கார்டுகள் உண்டு. அதற்கென்றே பி.எஸ்.ஏ.விடம் தனிக் குறியீடு இருக்கிறது: வெட்டப்பட்டதற்கான தடயம் என்றால் என்-1, குறைந்தபட்ச அளவு இல்லை என்றால் என்-6. இரண்டுக்கும் கிரேடு கிடையாது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதலாவது மனிதன் செய்தது, இரண்டாவது இயந்திரம் செய்தது.

ஆகவே கட்டிலிருந்து இன்னும் 20 நீலக் கார்டுகளை அளந்தேன். எல்லாம் 63.3க்கும் 63.6க்கும் நடுவே. ஒன்றுகூட 63க்குக் கீழே இல்லை. பிறகு 20ஐயும் சீட்டுக்கட்டு மாதிரித் தட்டி அடுக்கி, நடுவில் லூக்கைச் செருகி, இடப்பக்கத்தைச் சமமாக்கிக்கொண்டு வலப்பக்கத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தோம். அடுக்கின் நடுவில் மெல்லிய ஒரு பள்ளம். நகம் வைத்தால் நகம் இறங்கியது. நண்பரை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

நிறம் இன்னும் தெளிவாகச் சொன்னது. அடுக்கைப் பக்கவாட்டில் பார்த்தால் எல்லா விளிம்பும் டீத்தூள் வடிகட்டிய துணி மாதிரி வெளிர் பழுப்பு. லூக்கின் மேல், கீழ், இட விளிம்புகளும் அதே பழுப்பு. வல விளிம்பு மட்டும் பால் வெள்ளை. காற்றும் வெயிலும் மூன்று பக்கத்தை மட்டும் பழுப்பாக்கி ஒரு பக்கத்தை விட்டுவைக்காது.

இருந்தாலும் என்னை முழுதாக ஒப்புக்கொள்ள வைத்தது அளவோ நிறமோ அல்ல, அந்தக் காய்ந்த ரப்பர் பேண்ட். கட்டின் மேலே இப்போது இருப்பது 2ஆம் எண், இரண்டு ரோபோக்களும் சேர்ந்து நிற்கும் கார்டு. அதன் இரண்டு நீள விளிம்புகளிலும், கீழிருந்து சுமார் 44 மில்லிமீட்டர் உயரத்தில், ரப்பர் பேண்ட் அறுத்த சின்னப் பள்ளம் எதிரெதிரே இருக்கிறது. 3ஆம் எண்ணிலும் அதே இடத்தில், கொஞ்சம் லேசாக. லூக்கை எடுத்துப் பார்த்தேன். இட விளிம்பில் அதே 44 மில்லிமீட்டரில், லென்ஸில் மட்டும் தெரியும் ஓர் அழுத்தம். வல விளிம்பில் அதற்கு நேரே ஒன்றுமில்லை, கண்ணாடி மாதிரி நேர்க்கோடு.

ரப்பர் பேண்ட் ஒரு பக்கத்தை மட்டும் அழுத்தாது. லூக்கும் ஒரு காலத்தில் அந்தக் கட்டின் உச்சியில் இருந்திருக்கிறது, இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கிறது, பிறகு ஒரு நாள் வலப்பக்கப் பள்ளம் ஒரு கீற்றோடு சேர்ந்து போய்விட்டது. இடப்பக்கத்தில் இருந்தது கண்ணுக்குத் தெரியாத அளவு என்பதால் விட்டுவைத்திருக்கிறார்கள். எனக்கு அதற்கு மேல் சந்தேகமில்லை.

போன கீற்றைத் திருப்பி ஒட்டிக் கணக்குப் பார்த்தேன். வலப்பக்கம் 2.9 உடன் 0.6 சேர்த்தால் 3.5. இடப்பக்கம் 2.9. விகிதம் ஏறத்தாழ 55-45. அதாவது வெட்டாமல் விட்டிருந்தாலும் சென்டரிங்கில் இது முதல் வரிசைக் கார்டு. பள்ளத்தினால் 5 அல்லது 6 கிடைத்திருக்கும், கிரேடு என்று ஒன்று இருந்திருக்கும். பள்ளத்தை வெட்டியதில் கிரேடே இல்லாமல் போயிற்று. மூக்கு சரியில்லை என்று தலையை எடுத்த கதை.

"வெட்டினா என்னண்ணே? பாக்க நல்லாத்தானே இருக்கு?"

மச்சான் கேட்டது நியாயமான கேள்விதான். மேசை நாற்காலியில் உடைந்த காலைச் செப்பனிட்டால் மதிப்பு கூடுகிறது, கார்டில் ஓரத்தைச் சீர்செய்தால் ஏன் குறைகிறது?

இந்தச் சந்தை முழுக்க நிற்பது ஒரே நம்பிக்கையில்: ஆலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே தப்பிப் பிழைத்தது இது. கத்தரிக்கோல் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. வெட்டியதற்கும் அதே விலை என்றால் நாளைக்கே ஆயிரம் கார்டுகள் கூர்மையாகிவிடும். இதற்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் ஹோனஸ் வாக்னர் கார்டு. 1909-11 காலத்துப் புகையிலை நிறுவனக் கார்டு, பேஸ்பால் உலகின் கோஹினூர். 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் இன்னொருவரும் சேர்ந்து ஒரு பிரதியை 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். அதே ஆண்டு தொழிலைத் தொடங்கிய பி.எஸ்.ஏ. அதற்கு 8 கொடுத்தது. 2007இல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2013இல், ஏல மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட பில் மாஸ்ட்ரோ, அந்தக் கார்டின் ஓரத்தைத் தான்தான் வெட்டியதாகவும் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நிபுணர்கள் கையில் வாங்கி, 8 போட்டு, பிளாஸ்டிக்கில் சீல் வைத்த கார்டு. வாட்ஸப் படத்தைப் பார்த்து 8 சொன்ன நான் எம்மாத்திரம் என்று ஆறுதல் தேடிக்கொண்டேன்.

மச்சான் சளைக்கவில்லை. "அப்ப நாமளும் அனுப்பிப் பாப்போம், மாட்டலேன்னா லாபம்தானே?" அனுப்பலாம். ஒரு கார்டுக்கு இருபது டாலரைத் தாண்டும் கட்டணம், போக வர அஞ்சல், காப்பீடு. கண்டுபிடித்தால், அசல் ஆனால் மாற்றப்பட்டது என்ற பொருளில் ஒரு லேபிள் ஒட்டியோ, கிரேடு மறுத்தோ திருப்பி அனுப்புவார்கள். கண்டுபிடிக்காவிட்டால், தெரிந்தே இன்னொருவர் தலையில் கட்டுகிறோம். இரண்டாவதைச் சொல்லி முடிப்பதற்குள் நண்பரே "வேணாம்டா, விடு" என்று அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

விலைக்கு வந்தால்

விலை பார்ப்பதில் புதியவர்கள் எல்லாரும் செய்யும் தப்பை மச்சானும் செய்திருந்தார்: கேட்கும் விலையைப் பார்த்திருந்தார். இணையச் சந்தையில் ஒரு கார்டுக்கு யாரும் எதையும் கேட்கலாம். பார்க்க வேண்டியது விற்று முடிந்தவை, அதிலும் அதே கிரேடு, அதிலும் அண்மை மாதங்கள். 2020-21இல் கொரோனா முடக்கத்தில் எல்லாரும் பழைய பெட்டியைத் திறந்து, கார்டுகள் மலையாகக் குவிந்து, பி.எஸ்.ஏ. தன் சாதாரணக் கட்டணச் சேவையையே நிறுத்திவைக்க வேண்டி வந்தது. அந்தக் காலத்து விலையை இன்று மேற்கோள் காட்டுவது, தீபாவளிக்கு முதல் நாள் மல்லிகைப்பூ விலையை வைத்து வருஷக் கணக்கு போடுவது மாதிரி.

எந்த கிரேடில் எத்தனை கார்டு இருக்கிறது என்று நிறுவனங்கள் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியலும் உதவும், ஆனால் அதை அப்படியே நம்பக் கூடாது. 8 வந்த கார்டை சீல் வைத்த பிளாஸ்டிக்கை உடைத்து வெளியே எடுத்து 9 வருமா என்று மறுபடி மறுபடி அனுப்புகிறவர்கள் உண்டு. பழைய லேபிளைத் திருப்பி ஒப்படைக்காவிட்டால் ஒரே கார்டு பட்டியலில் மூன்று முறை எண்ணப்பட்டிருக்கும்.

வெட்டிய லூக்குக்கு இந்தப் பட்டியல் எதிலும் இடமில்லை. அதன் விலையை நிர்ணயிப்பவர் ஒரே வகை ஆள்: 66இல் 65 சேர்த்துவிட்டு 1ஆம் எண்ணுக்காகக் காத்திருப்பவர், கிரேடு பற்றிக் கவலைப்படாதவர், கையில் பிடித்துப் பார்க்க நன்றாக இருந்தால் போதும் என்பவர். முனை நைந்த சாதாரண 1ஆம் எண்ணுக்கு என்ன கொடுப்பாரோ அதை ஒட்டிக் கொடுப்பார். நான் கணித்தது அவ்வளவே.

பெட்டியின் நல்ல கார்டு வேறொன்று என்பது மாலையில்தான் தெரிந்தது. கட்டில் மேலே இருந்த இரண்டுக்கும் அடியில், ரப்பர் பேண்டும் வெயிலும் எட்டாத இடத்தில், 4ஆம் எண் ஹான் சோலோவும் 5ஆம் எண் இளவரசி லேயாவும் யாரும் சீண்டாமல் இருந்தார்கள். 4ஆம் எண் முன்பக்கம் பிரமாதம், பின்பக்கம் சூயிங்கம் பட்ட ஒரு செவ்வகக் கறை. இரண்டையும் அனுப்பினோம். லேயாவுக்கு 7. ஹான் சோலோவுக்கு 8, கூடவே கறை உண்டு என்று குறிக்கும் எஸ்.டி. என்ற ஒட்டு. ஒட்டு இருந்தால் சந்தை இரண்டு படி கீழே இறக்கித்தான் பார்க்கும். கட்டணத்தைக் கழித்தால் பெரிய லாபமில்லை, நஷ்டமுமில்லை.

யார் வெட்டியது?

நண்பருக்கு இதுதான் கடைசிவரை உறுத்தியது. பத்து வயசுப் பையன் ஆல்பத்தில் நுழைப்பதற்காக வெட்டியிருப்பானோ? நான் அப்படி நினைக்கவில்லை. பையன் கத்தரிக்கோலால் வெட்டினால் கோடு அலைபாயும். இது இரும்பு அளவுகோல் வைத்துப் புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டியது, லென்ஸில் நார் எல்லாம் ஒரே திசையில் படுத்திருக்கிறது. திருகு வைத்த அந்தச் சட்டங்கள் 1980களிலும் 90களிலும் புழங்கியவை. அப்போது அந்தப் பையன் வளர்ந்த ஆள். கார்டுக்கு விலை வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, கட்டைப் பிரித்து, பள்ளத்தைப் பார்த்து வருந்தியிருப்பார் என்பது என் ஊகம். விற்றிருந்தால் மோசடி. விற்காமல் கடைசிவரை தன் அலமாரியிலேயே வைத்திருந்திருக்கிறார். தான் அழகாக்கிய கார்டைத் தானே பார்த்துக்கொண்டிருந்தவரை என்ன சொல்வது.

லூக்கை நண்பர் நவம்பரில் விற்றார். விவரக் குறிப்பில் முதல் வரியே 'வலது விளிம்பு வெட்டப்பட்டது, அகலம் 62.9' என்று எழுதி, அந்தப் பால்வெள்ளை விளிம்பை நெருக்கத்தில் படமெடுத்துப் போட்டோம். மூன்றாம் நாள் ஓஹையோவிலிருந்து ஒருவர் வாங்கிக்கொண்டார். வந்த காசில் நண்பர் ஏணி வாங்கினார், மிச்சத்தில் மச்சானுக்கு ஒரு ஸ்டார் வார்ஸ் சட்டை.

லூக்கை அளந்த அன்று இரவு வீட்டுக்கு வந்து காலிப்பரைப் பெட்டியில் வைக்கப் போனவன், வைக்காமல் என் சொந்த ஆல்பத்தை எடுத்தேன். பத்து ஆண்டுக்கு முன் ஒரு கண்காட்சியில் நான் ஆசையாக வாங்கிய 7ஆம் எண் டார்த் வேடர். "சென்டரிங்கைப் பாருங்க, இப்படி ஒண்ணு கிடைக்காது" என்று சொல்லித்தான் விற்றவர் கையில் கொடுத்தார். அகலம் 62.8.